உள்பக்கத் தாழ்ப்பாள்

படுக்கையறைக் கதவில் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று அப்பாவே பென்சிலால் கோடு போட்டார். அம்மாவின் தோள் உயரம். மூக்குக்கண்ணாடி இல்லாமல், கை நடுங்கினாலும் எட்டும் உயரம். கோடு போட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு டிரில் மெஷினுக்குக் கை நீட்டினார். மகள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நெஞ்சுல பேஸ்மேக்கரை வச்சுக்கிட்டு இதை நெஞ்சோட அணைச்சுப் பிடிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? நகருங்க, நான் போடறேன்."

"நீ போட்டா ஓட்டை கோணலாப் போகும், கரண்டு."

"போகட்டும். கோணல் தாழ்ப்பாளும் தாழ்ப்பாள்தான்."

கரண்டு என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர். ஆஸ்பத்திரியில் இதய மின்னோட்டப் பிரிவில் அவள் டெக்னீஷியன். பேஸ்மேக்கர் வைத்தவர்களை மெஷினில் இணைத்துச் சோதிப்பதும், அளவுகளைக் கூட்டிக் குறைப்பதும் அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவர் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஓட்டை கோணலாகத்தான் போனது. அவர் உச்சுக்கொட்டினார். தாழ்ப்பாளைக் கதவில் பொருத்தி, கொண்டியை நிலையில் முடுக்கி முடித்ததும், "உள்ள போ. தாழ்ப்பாளைப் போட்டுட்டுக் கதவை விட்டுத் தள்ளி நில்லு" என்றார்.

"எதுக்கு?"

"யாருக்காகப் போடறோமோ அவன் இடிச்சுப் பார்க்க வேணாமா?"

அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். "வலது தோளால இடிங்க!" என்று கத்தினாள். இடது பக்கம் தோலுக்கு அடியில் பெட்டி இருக்கிறது.

கதவு அதிர்ந்த சத்தத்தில் அவள் உடம்பு அவளைக் கேட்காமலே நகர்ந்துவிட்டது. நினைவு வந்தபோது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். பள்ளிக்கூட நாட்களில் நின்ற அதே இடம். வெளியே அவர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"என்னடி ஆச்சு?"

"நிலையில ரெண்டு ஸ்க்ரூ வெளிய வந்துடுச்சுப்பா."

"அதானே. கட்டெறும்பு சைஸுக்கு ஸ்க்ரூ குடுத்திருக்கான். இன்னும் ரெண்டு இடி இடிச்சா நான் உள்ள வந்துடுவேன். இரு, இது பத்தாது."

தெருமுனைக் கடைக்குப் போய், நிலையை முழுதாகத் துளைத்து மறுபக்கம் நட்டு போடும் நீளத்துக்கு போல்ட் வாங்கி வந்தார். அவள் மறுபடி துளை போட்டாள். அவர் நட்டுகளை முடுக்கினார். அவள் மறுபடி உள்ளே போனாள். இந்தத் தடவை மூன்று இடி. மேலே பூச்சு உதிர்ந்து அவள் தலையில் விழுந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை.

கதவைத் திறந்தபோது அவர் எதிர்ச்சுவரில் சாய்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார். "இனி இதை உடைக்கணும்னா எனக்குச் சம்மட்டி வேணும்."

"சம்மட்டி எங்க இருக்கு?"

"லாரியிலேயே. வீட்டுக்குக் கொண்டு வர்றதில்ல. போதுமா? உங்கம்மாகிட்ட சொல்லு. முதல் கண்டிஷன் முடிஞ்சது. ரெண்டாவதுக்கு ஞாயித்துக்கிழமை போறேன்."

அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

*

வேலை செய்யும் இடத்தில் அவருக்குச் சம்மட்டி என்றுதான் பெயர். பழைய கட்டடங்களை இடிக்கும் கோஷ்டிக்கு மேஸ்திரி. மெஷின் உள்ளே நுழைய முடியாத நெருக்கமான தெருக்களில், இரண்டு பக்கத்து வீட்டுச் சுவரிலும் கீறல் விழாமல் நடுவில் இருப்பதை மட்டும் பெயர்த்து எடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். மாடியிலிருந்து தொடங்கி, தளத்தை உடைத்து, கம்பியை வெட்டி, கடைசியாகச் சுவரில் கயிறு கட்டி இழுத்துச் சாய்ப்பார். அவர் தோளுக்கு ஒரு சுவர் என்பது கொஞ்ச நேரத்துச் சமாசாரம்.

காலி செய்ய மறுத்த வீடுகளுக்கும் அவரைத்தான் அனுப்பினார்கள். ஒரு வீட்டில் மாடிப்படியின் மேலே நின்று ஒருவன் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினான். அப்பாவின் முன்கை வெந்தது. வெந்த கையோடு மேலே ஏறிப் போய், அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, நடைபாதையில் எறிந்தார். அவன் இடுப்பெலும்பு முறிந்தது. அப்பா டீ குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இதைக் கோஷ்டிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எறிபட்டவன் எப்படிச் சொல்வான் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் சுவர் தப்பான பக்கம் சாய்ந்தது. கூடவே வேலை செய்த நண்பர் அடியில் போய்விட்டார். அப்பா கையாலேயே செங்கலைத் தோண்டினார். இரண்டு விரல்களில் நகம் கழன்றது. எடுத்தபோது நண்பருக்கு முகம் என்று சொல்ல எதுவும் மிச்சம் இல்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்தவரிடம் அம்மா, "சட்டையெல்லாம் என்ன ரத்தம்?" என்று கேட்டாள். கேள்வி முடிவதற்குள் அவள் மணிக்கட்டு உடைந்தது.

விசாரிக்க அம்மாவின் அண்ணன் வந்தார். மாடிப்படியிலேயே அப்பா அவரை நிறுத்தி வாயில் ஒரு குத்து விட்டார். முன்பல் இரண்டு போய், படியில் உருண்டு, கீழ்வீட்டுக்காரர் வாசலில் போய் விழுந்தார் மாமா. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவர் வந்ததில்லை. அப்பா அவரைப் பற்றிப் பேசினால் 'பல்லு மச்சான்' என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு, தான் மட்டும் சிரிப்பார்.

மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வந்து மகள் கேட்டதில்லை. ஆனால் உடைத்ததைச் சரிபண்ணாமல் தூங்க மாட்டார். அலமாரிக் கதவு, நாற்காலிக் கால், கண்ணாடி பதித்த மேஜை, எல்லாவற்றையும் முன்பைவிட உறுதியாக ஒட்டி வைப்பார். அந்த வீட்டில் அவர் உடைக்காத பொருளும் கிடையாது, உடைத்துவிட்டுச் சரிசெய்யாத பொருளும் கிடையாது. அம்மாவின் மணிக்கட்டு ஒன்றுதான் அவர் கைக்கு அடங்கவில்லை. அது கோணலாகச் சேர்ந்தது.

மகள் படிகளின் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தாள். இரண்டிரண்டு படியாக ஏறினால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய்விட வேண்டும். ஒவ்வொன்றாக ஏறினால் உட்கார்ந்து படிக்கலாம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மா முதலில் செய்வது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் வைப்பதுதான்.

*

ஓங்கிய சம்மட்டியோடு ஒருநாள் அவர் அப்படியே சரிந்தார். சம்மட்டி அவர் கால் பக்கத்தில் விழுந்தது, தப்பித்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தபோது நாடி நிதானமாக, எங்கோ போகிற மாட்டுவண்டி மாதிரி அடித்தது.

"அடைப்பாமே? கொழுப்பா?" என்று அம்மா கேட்டாள்.

"அது ரத்தக்குழாய் அடைப்பும்மா. இது வேற. இது கரண்ட்ல அடைப்பு."

மேலறையிலிருந்து கீழறைக்கு இதயத்தில் ஒரே ஒரு மின்பாதைதான் இருக்கிறது. மெல்லிய தண்டு. அது கீழே வந்து வலது கிளை, இடது கிளை என்று பிரியும். இரண்டு கிளையிலும் ஒரே சமயத்தில் மின்சாரம் ஓடினால்தான் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுருங்கும். அப்பாவுக்கு முதலில் இடது கிளையின் பாதை அடைபட்டிருந்தது. யாருக்கும் தெரியவில்லை. பிறகு தண்டே விட்டுவிட்டுத் தடைபட்டபோது விழுந்தார்.

அவசரத்தில் சாதாரண பேஸ்மேக்கர் வைத்தார்கள். வலது கீழறையின் கடைக்கோடியில் ஒரு கம்பி. அது உயிரைக் காப்பாற்றியது. ஆனால் கம்பியின் மின்சாரம் சொந்தப் பாதையில் போகவில்லை, சதை வழியாக ஊர்ந்து போனது. வலது பக்கம் முதலில் சுருங்கும், இடது பக்கம் தாமதமாகப் பின்னால் வரும். மானிட்டரில் ஒவ்வொரு துடிப்பும் அகலமாக, சப்பையாக விழுந்தது. சிலர் இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். அவருடையது தாங்கவில்லை. சில வருஷங்களில் வீங்கித் தொய்ந்துபோனது.

அவருக்கு அவள் இதை அவர் பாஷையிலேயே சொன்னாள். "சுவரை ரெண்டு பக்கமும் கயிறு கட்டி இழுக்கறீங்க. இடது பக்கத்து ஆளுங்க கொஞ்சம் லேட்டா இழுத்தா?"

"சுவர் விழாது. ஆடும். அவனுங்களுக்குத்தான் கை கழண்டு போகும்."

"அதேதான் உள்ள நடக்குது."

"இடது பக்கத்துல எவன்டா அந்தச் சோம்பேறி?" என்றார் அவர். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

அந்த வருஷங்களில்தான் அவர்கள் வீட்டில் சத்தமாகப் பேச்சு கேட்டது, அதுவும் அம்மாவின் பேச்சு. அவர் ஒவ்வொரு படியாக ஏறி, நடுப்படியில் உட்கார்ந்து, மறுபடி ஏறுவார். அம்மா மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள்.

"மகாராஜா பவனி வர்றாரு. பல்லக்கு அனுப்பட்டுமா?"

"வாயை... மூடு..."

"மூச்சு வாங்கிட்டே திட்டாதீங்க. பாதி திட்டுல நின்னுட்டா எனக்கு மீதி என்னன்னு யோசனையா இருக்கும்."

அவர் சிரித்தார். மகள் அதைப் பார்த்தாள். எகத்தாளமாக அல்ல, நிஜமாகவே சிரித்தார். அம்மா அவர் எதிரிலேயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து டிவி பார்த்தாள். ரிமோட் அவள் கையில் இருந்தது. அரிசி டப்பாவில் அரிசி மட்டும் இருந்தது. அவர் அவளுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தார். சில சமயம் அவள் கோணல் மணிக்கட்டைப் பிடித்து, ஏதோ கட்டட விரிசலைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

ஸ்கேனில் இதயத்தின் பலம் பாதிக்கும் கீழே இறங்கியபோது டாக்டர் சொன்னார்: கம்பியை மாற்ற வேண்டும். சதையில் குத்துவதை விட்டுவிட்டு, மின்பாதையின் தண்டிலேயே ஊசிமுனையைத் திருகி வைக்கலாம். அந்த இடம் கிடைத்தால், மின்சாரம் அவர் சொந்தப் பாதையிலேயே ஓடும்.

மாடியில் துணி உலர்த்தும்போது மகள் இதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். கொஞ்ச நேரம் அதன் மடிப்பை நீவிக்கொண்டே நின்றாள்.

"இப்படியே இருந்துட்டா ஆகாதா?"

"இப்படியே விட்டா செத்துடுவாரும்மா."

"அது புரியுது. சாகணும்னா சொல்றேன்? சாகாமலும், எழுந்திருக்காமலும், இப்ப இருக்கிற மாதிரியே."

"அப்படி ஒரு செட்டிங் கிடையாதும்மா."

"நீ படிச்சவ. நீ சொன்னா சரி" என்றாள் அம்மா. அடுத்த சட்டையை எடுத்து, நீர் தெறிக்க உதறினாள்.

*

ஆபரேஷன் அன்று மகள்தான் மெஷின் பக்கம் நின்றாள். டாக்டர் கம்பி முனையை நூலிழை நூலிழையாக நகர்த்தித் தேடினார். தண்டின் மின்சாரம் திரையில் ஒரு சின்ன முள் மாதிரி தெரியும். தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. அங்கே திருகினார். மகள் வோல்ட்டை ஏற்றினாள். ஒன்று. அகலமான சப்பைத் துடிப்புதான். ஒன்றரை. அதேதான். இரண்டு. சட்டென்று திரையில் துடிப்பு ஒடுங்கி, கூராக எழுந்தது.

"வந்துடுச்சு!" என்றார் டாக்டர்.

இடது கிளைக்குப் போகும் இழைகள், கிளை பிரிவதற்கு முன்பே, தண்டுக்குள்ளேயே தனியாக ஓடுகின்றன. அவருக்கு அடைப்பு முடிச்சாக விழுந்திருந்தது அங்கேதான். கீழே கிளை முழுசாக இருந்தது, உத்தரவு வராமல் சும்மா கிடந்தது. ஊசிமுனை முடிச்சைத் தாண்டி உட்கார்ந்து, தேவையான அளவு வேகத்தோடு மின்சாரத்தைத் தள்ளியதும், இத்தனை வருஷம் அடைபட்டிருந்த இழைகள் விழித்துக்கொண்டன. இரண்டு பக்கமும் ஒன்றாக இழுத்தன. மகள் முகக்கவசத்துக்குள் அழுதாள். அவள் பார்த்ததிலேயே அழகான துடிப்பு அது. பத்திரத்துக்காக மூன்று வோல்ட்டில் வைத்தாள்.

அப்பா வாரத்துக்கு வாரம் தேறினார். முகத்தில் ரத்தம் ஏறியது. பழைய கோஷ்டி வந்து பார்த்தது, அவர் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஒருநாள் மாலை மகள் அம்மாவோடு சமையலறையில் இருந்தபோது மாடிப்படியில் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாக.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். அரிசி டப்பாவைத் திறந்தாள்.

அதன்பின் அவள் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். பல்லக்கும் போயிற்று, மகாராஜாவும் போனார். அவருக்கு அது புரியவில்லை. நோயாளியாக இருந்தபோது கிடைத்த மனைவி, பிழைத்து எழுந்ததும் எங்கே போனாள் என்று தேடினார். முதலில் சீண்டிப் பார்த்தார். பிறகு கெஞ்சுகிற மாதிரிகூடக் கேட்டார். சாப்பிட உட்கார்ந்த ஒரு மதியம், "ஏதாவது பேசேன்டி" என்றார். அவள் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். "பேசுடி!" என்று அவர் கை வீசியது.

வெறும் கைதான். ஒரே அடிதான். அவள் அடுப்பு மேடையின் விளிம்பில் போய் மோதி, புருவம் பிளந்தது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவள் சேலைத் தலைப்பால் கண்ணை அழுத்திக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, நேராக மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தையல் போட்டவள் அவளுக்குத் தெரிந்த நர்ஸ். "கதவுல இடிச்சுக்கிட்டீங்களாம்மா?" என்று வழக்கம்போல் கேட்டாள்.

"இல்ல. என் புருஷன் அடிச்சாரு" என்றாள் அம்மா. வாழ்க்கையில் முதல் தடவையாக.

*

மகளின் ஒற்றை அறை வாடகை வீட்டில் அம்மா தங்கினாள். அப்பா தினமும் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் வந்து நிற்பார். மேலே வர மாட்டார். வந்து நின்று, பார்த்து, போவார்.

"மெஷின்ல ஏத்தறது இறக்கறதெல்லாம் நீதானே?" என்று அம்மா கேட்டாள். தையல் போட்ட கண் இன்னும் வீங்கியிருந்தது. "கொஞ்சம் இறக்கி வையேன். முன்னாடி இருந்த மாதிரி."

அன்று மாடியில் சொன்ன பதிலை மகளால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்த செட்டிங் இப்போது இருந்தது.

அவள் அதைத் தன் கையாலேயே அளந்திருக்கிறாள். இரண்டு வோல்ட்டுக்கு மேலே, முடிச்சு தாண்டப்படும், துடிப்பு ஒடுங்கும். அதற்குக் கீழே இறக்கினால் இதயம் நிற்காது. பக்கத்துச் சதை அந்த மின்சாரத்துக்கே துடிக்கும். ஆனால் அடைப்பு திரும்பி வந்துவிடும். இடது பக்கம் மறுபடி தாமதமாகும். மாதங்களில் மூச்சு வாங்கும், படியில் உட்கார்வார், காய் நறுக்குவார். பேட்டரியைச் சேமிக்க இறக்கினேன் என்றால் கேட்பாரில்லை. ஆஸ்பத்திரியில் இந்த வேலைக்கு அவளை விட்டால் ஆளும் இல்லை.

சோதனைக்கு அவர் வந்த அன்று, நெஞ்சில் கருவியை வைத்து, வோல்ட்டைப் படிப்படியாக இறக்கினாள். எப்போதும் செய்கிற சோதனைதான். இரண்டுக்குக் கீழே போனதும் திரையில் துடிப்பு அகலமாக, சப்பையாக மாறியது. இந்த இடத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு மேலே ஏற்ற வேண்டும். அவள் ஏற்றவில்லை. விரல் பொத்தான் மேலேயே இருந்தது. புருவத்தின் தையல் ஞாபகம் வந்தது. பீரோ ஞாபகம் வந்தது. அந்த நிமிஷம் அவள் அவரை முழுசாக வெறுத்தாள்.

"யாரோ பின்னாலேர்ந்து சட்டையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு" என்றார் அப்பா. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் படிப்பு இல்லை, ஆனால் எந்தச் சுவர் எந்தப் பக்கம் விழும் என்று தெரியும். "உங்கம்மா சொன்னாளா?"

அவள் பார்வையைத் திரைக்குத் திருப்பினாள்.

"வேணும்னா இப்படியே விட்டுடு, கரண்டு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். இரண்டு, இரண்டரை, மூன்று. துடிப்பு கூராக எழுந்தது. எழுந்து நின்று, முழு வேகத்தோடு அவர் கன்னத்தில் அறைந்தாள். கருவியின் ஒயர் இழுபட்டுக் கீழே விழுந்தது.

"உங்க கையை அடக்க நான் உங்க இதயத்தை முடக்கணுமா? கை உங்களோடது! நீங்க அடக்குங்க!"

அவர் கை மேலே எழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரும் பார்த்தார். அது பாதியில் நின்று, மெதுவாக இறங்கி, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அம்மாவிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கேட்டுவிட்டு, "உன்னை அடிக்கலை, சரி. நீ பொண்ணு. ஒரு ஆம்பளை அடிச்சா?" என்றாள். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, காலையில் இரண்டு நிபந்தனை சொல்லி அனுப்பினாள். படுக்கையறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட வேண்டும், அவரே உடைக்க முடியாத மாதிரி. அப்புறம் அவர் என் அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போய், வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட வேண்டும். இரண்டும் நடந்தால் வருகிறேன்.

"பல்லு மச்சான் வீட்டுக்கா?" என்றார் அப்பா. பிறகு, "சரி" என்றார்.

*

தாழ்ப்பாள் போட்டது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் மகளை அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள்.

தலையின் பின்பக்கம் உள்ளே போயிருந்தது. முகம் முழுக்கச் சிமெண்ட் தூசி, அதில் ரத்தம் கோடு கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. கண்மணிகள் விரிந்து நிலைத்துவிட்டன. நாடி இல்லை. ஆனால் மானிட்டரில் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது, ஒடுங்கி, கூராக, ஒழுங்காக. பயிற்சி டாக்டர் திகைத்துப்போய் நின்றார்.

"ரிதம் இவ்வளவு நல்லா இருக்கே சிஸ்டர், உயிர் இருக்கா?"

"அது கரண்ட் மட்டும்தான் சார்" என்றாள் அவள். "தள்றதுக்கு உள்ள ரத்தம் இல்ல."

அவள் மூன்று வோல்ட்டில் வைத்த முனை, முடிச்சைத் தாண்டி, இரண்டு கிளைக்கும் ஒரே சமயத்தில் உத்தரவு அனுப்பிக்கொண்டே இருந்தது. குறை சொல்ல எதுவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் துடிப்பு சிறுத்தது. பிறகு பெட்டியின் முள் மட்டும் தனியாக வந்தது, பதில் இல்லாமல். அணைக்க வேண்டியவள் அவள்தான். அணைத்தாள். எரிப்பதற்கு முன் பெட்டியை எடுத்துவிட வேண்டும், தீயில் வெடிக்கும். அதையும் அவள்தான் சொன்னாள்.

அடித்தவனைப் போலீஸ் பிடித்துவிட்டது. பழைய இரும்புக் கடைக்காரரின் ஆள். நடந்ததைச் சொல்ல, கோஷ்டியின் லாரி டிரைவர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தார். சட்டையெல்லாம் அப்பாவின் ரத்தம். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"முதல்ல கை வச்சது யாரு?"

டிரைவர் மகளைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே" என்றாள் மகள்.

"மேஸ்திரி அண்ணன்தான்" என்றார் டிரைவர். "இரும்புக் கடைக்காரன் ஆளுங்க நாங்க உரிச்ச செம்பு ஒயரை லாரியில ஏத்திட்டாங்க. கேட்டதுக்கு அதுல ஒருத்தன் என்னைப் பிடிச்சுத் தள்ளினான். அண்ணன் பார்த்துட்டாரு. ஆனா அக்கா, அவர் கையில சம்மட்டி இருந்துச்சு. அதைச் சுவத்துல சாய்ச்சு வச்சுட்டுத்தான் வந்தாரு. வெறும் கையால ஒரே ஒரு அறை. விட்டுட்டுத் திரும்பி வேலைக்குப் போனாரு. அவன் கீழே கிடந்த கம்பியை எடுத்துட்டான். சம்மட்டி கையில இருந்திருந்தா எவன் கிட்ட வருவான்?"

"எனக்கும் வெறும் கைதான்" என்றாள் அம்மா, புருவத்தைத் தொட்டுக்கொண்டு. "ஒரே அடிதான்."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா எழுந்தாள். இரண்டு எட்டு நடந்தாள். பிறகு சுவரில் தன் கோணல் கையால் ஓங்கி ஓங்கி அடித்தாள், தோல் கிழிந்து சுவரில் ரத்தம் படும்வரை. மகளும் டிரைவருமாகச் சேர்ந்துதான் அவளைப் பிடித்து உட்கார வைக்க முடிந்தது.

*

பிரேதப் பரிசோதனை முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் உடலைக் கொடுத்தார்கள். மாமா வந்திருந்தார். வயதாகிவிட்டது, முன்பல் இரண்டும் கட்டிய பல். அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, மகளைத் தனியாக மாடிப்படி ஓரத்துக்கு அழைத்தார்.

"வியாழக்கிழமை போன் பண்ணினான்மா உங்கப்பன். இத்தனை வருஷம் கழிச்சு. 'மச்சான், ஞாயித்துக்கிழமை வர்றேன், வீட்ல இருங்க'ன்னான். வேற ஒண்ணும் சொல்லலை. வச்சுட்டான்."

"தெரியும் மாமா. அம்மா போட்ட கண்டிஷன்."

"பாதிதான் உனக்குத் தெரியும்" என்றார் மாமா. "உங்கம்மா எனக்குத் தனியா சொல்லியிருந்தா. 'அண்ணே, அவரு வந்து நின்னதும் ஒரு அடி அடி. பலமா அடி. எந்தக் காரணமும் சொல்லாதே. திருப்பி அடிக்கலைன்னா நான் வீட்டுக்குப் போறேன். அடிச்சாருன்னா, ஜென்மத்துக்கும் போகலை'ன்னா."

மகள் உள்ளே திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது? எனக்குப் பயம்தான். என் வயசென்ன, அவன் கையென்ன? ஆனா ஆசையும் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. கதவுக்குப் பின்னால ஒரு கட்டையை வச்சேன். உங்க அத்தைகிட்ட, ஒரு அடி அடிப்பேன், அவன் சும்மா நின்னான்னா உடனே காபியைக் கொண்டு வந்துடு, நடுவுல தாமதம் பண்ணாதேன்னு சொல்லி வச்சேன்."

"நின்னிருப்பாரா மாமா?"

மாமா கட்டிய பல்லை நாவால் தடவிக்கொண்டார். கூடத்தில் அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவருடைய வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குத் தெரியும்மா? அவன் வந்திருக்கணும்" என்றார். "அதைத் தெரிஞ்சுக்கத்தானே நாங்க ரெண்டு பேரும் காத்துக்கிட்டிருந்தோம்."

மாமா வீடு பஸ்ஸில் இரண்டு நிறுத்தம். அப்பா போகவில்லை.